பாக்கி வைத்த சம்பளம்: பர்மிங்ஹாம் நொடித்த கதை

பிரிட்டனின் பர்மிங்ஹாம் கவுன்சிலில், அதாவது நகராட்சியில், குப்பை அள்ளும் வேலை பார்த்த ஓர் ஆண், ஒரே வருடத்தில் 51,000 பவுண்டு சம்பாதித்தார். அதே கவுன்சிலில், அதே சம்பள நிலையில் இருந்த பெண்களுக்கு அந்த வருடம் கிடைத்தது 12,000 பவுண்டுக்கும் குறைவு. 2010-ல் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் பெண்கள் வென்ற வழக்கின்போது வெளியே வந்த கணக்கு இது. அந்த ஆண் மேலதிகாரி அல்ல. அதிகம் படித்தவரும் அல்ல. காகிதத்தில் இருவரும் ஒரே படிநிலை. வித்தியாசம் முழுவதும் "போனஸ்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருந்தது. சில ஆண்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 160 சதவீதம் வரை போனஸ் போயிருக்கிறது. துப்புரவு, சமையல், பராமரிப்பு வேலை பார்த்த பெண்களுக்கு அது இல்லை.

பதின்மூன்று வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 5 அன்று, அதே கவுன்சில் கையில் பணம் இல்லை என்று அறிவித்தது. 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும், பிரிட்டனின் இரண்டாவது பெரிய நகரம் அது. "சம ஊதிய வழக்குகளால் நகரம் திவால்" என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்திகள் வந்தன. படிப்பவர் மனதில் என்ன பதியும்? யாரோ சில பெண்கள் வக்கீல் வைத்து வழக்குப் போட்டு, ஊர்ப்பணத்தை உருவிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான்.

நடந்தது தலைகீழ். அந்தப் பெண்கள் கவுன்சிலின் பணத்தை எடுக்கவில்லை. அவர்களுடைய பணத்தைத்தான் கவுன்சில் வருடக்கணக்கில் கையில் வைத்திருந்தது. கொடுக்காத சம்பளம் என்பது கடன். கணக்குப் புத்தகத்தில் எழுதாததால் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது. இந்தக் கடன் எப்படிச் சேர்ந்தது, யார் மறைத்தார்கள், கடைசியில் யார் தலையில் விடிந்தது என்று பார்த்தால்தான் மற்றது புரியும்.

போனஸ் எங்கிருந்து வந்தது

பிரிட்டனில் உள்ளாட்சி என்றால் கவுன்சில். பள்ளிக்கூடச் சமையலறை முதல் கல்லறைத் தோட்டம் வரை அதன் பொறுப்பு. 1960, 70-களில் கைவேலைக்காரர்களின் உற்பத்தியைக் கூட்டுவதற்காகப் போனஸ் திட்டங்கள் வந்தன. குப்பை அள்ளுபவர், தெரு கூட்டுபவர், குழி வெட்டுபவர், தோட்ட வேலைக்காரர் என்று பெரும்பாலும் ஆண்கள் செய்த வேலைகளுக்கே அவை கிடைத்தன. ஒரு நாளில் எத்தனை தெருவில் குப்பை எடுத்தார்கள் என்று எண்ண முடியும். ஒரு கிழவிக்கு எவ்வளவு பொறுமையாகச் சோறு ஊட்டினார்கள் என்பதை எப்படி எண்ணுவது? எண்ண முடியாததற்குப் போனஸ் இல்லை என்று ஆனது. காலப்போக்கில் அளப்பதே நின்றுபோயிற்று, ஆனால் போனஸ் நிற்கவில்லை. வேலை கூடினாலும் குறைந்தாலும் மாதாமாதம் வரும் நிரந்தரச் சம்பளமாகவே அது மாறிவிட்டது.

1987-ல் நாடு முழுவதும் கவுன்சில் கைவேலைகளை மதிப்பிட்டு ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் வீட்டுப் பராமரிப்புப் பெண்கள், குப்பை அள்ளும் ஆண்களுக்குச் சமமான அல்லது அதற்கும் மேலான நிலைகளில் வந்து உட்கார்ந்தார்கள். அடிப்படைச் சம்பளம் சமமாகிவிட்டது. போனஸை மட்டும் யாரும் தொடவில்லை. பட்டியலைப் பார்த்தால் சமத்துவம், சம்பளச் சீட்டைப் பார்த்தால் பாதி.

அந்தப் பராமரிப்பு வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். காலை ஏழு மணி. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு முதியவரின் வீடு. வாசலில் உள்ள சாவிப் பெட்டியில் எண்களை அழுத்திக் கதவைத் திறக்க வேண்டும். அவரைப் புரட்டி, நனைந்த விரிப்பை உருவி, உடம்பு துடைத்து, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரைகளை நேரம் பார்த்துக் கொடுத்து, கொடுத்ததை நோட்டில் எழுத வேண்டும். அவர் எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். அங்கே இருப்பவர் நேற்று இரவே இறந்திருக்கலாம், முதலில் பார்ப்பவர் இவராகவே இருக்கலாம். கவுன்சில் வேலைகளை மதிப்பிடும் இன்றைய தேசிய முறையில் 13 காரணிகள் உண்டு. உடல் உழைப்பு, வேலைச் சூழல் ஆகியவற்றோடு, மனதின் மேல் விழும் பாரத்துக்கும் தனியாகப் புள்ளி உண்டு. அப்படி நேர்மையாகப் புள்ளி போட்டால் இந்தப் பெண் குப்பை வண்டிக்காரருக்குக் கீழே வர மாட்டார். வந்ததும் இல்லை.

சட்டம் முன்பே இருந்தது. 1968-ல் லண்டனின் டேகனம் பகுதியில் உள்ள ஃபோர்டு ஆலையில், கார் இருக்கைகளுக்கு உறை தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டார். அதன் தொடர்ச்சியாக 1970-ல் சம ஊதியச் சட்டம் வந்தது. முதலாளிகள் தயாராகட்டும் என்று ஐந்து வருடம் அவகாசம் கொடுத்து, 1975 கடைசியில்தான் அதை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 1984 முதல் இன்னொரு படி. வேலை ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை, சம மதிப்புள்ளதாக இருந்தால் போதும் என்று சட்டம் விரிந்தது. சமையல்காரர் தன்னைத் தச்சரோடு ஒப்பிட்டு வழக்காடலாம். ஃபோர்டு பெண்கள் கேட்ட திறன்மிகு தொழிலாளர் என்ற அங்கீகாரமும் அந்த 1984-ல்தான் கிடைத்தது. முதல் போராட்டத்துக்குப் பதினாறு வருடம் கழித்து, இன்னொரு வேலைநிறுத்தம் செய்த பிறகு.

ஆக, 1984-லிருந்து எந்தக் கவுன்சிலும் எங்களுக்குச் சட்டம் தெரியாது என்று சொல்ல வழியில்லை. வக்கீல், மனிதவள அதிகாரி, நிதி அதிகாரி எல்லோரையும் சம்பளத்துக்கு வைத்திருந்த அமைப்புகள் அவை.

தள்ளிப்போட்டதின் விலை

1997-ல் தொழிற்சங்கங்களும் கவுன்சில்களும் சேர்ந்து "சிங்கிள் ஸ்டேட்டஸ்" என்ற ஒப்பந்தம் போட்டன. அலுவலக ஊழியர், கைவேலைக்காரர் என்ற பிரிவை எடுத்துவிட்டு, எல்லா வேலையையும் ஒரே தராசில் நிறுத்தி, ஒரே சம்பள அட்டவணைக்குள் கொண்டுவருவது நோக்கம். ஸ்காட்லாந்தில் இது 1999-ல் வந்தது. இதற்கென்று மத்திய அரசு தனியாகப் பணம் தரவில்லை. பெண்களின் சம்பளத்தை ஏற்றக் கவுன்சில்களிடம் காசு இல்லை. ஆண்களின் போனஸைக் குறைத்தால் வேலைநிறுத்தம் வரும், குப்பை தெருவில் நாறும், தேர்தலில் தோற்போம். எனவே இரண்டையும் செய்யாமல் பத்து வருடம் ஓட்டினார்கள். இங்கிலாந்தில் கடைசிக் கெடு 2007 மார்ச் 31 என்று வைத்தார்கள். அதையும் பல கவுன்சில்கள் தாண்டிப் போயின.

இடையில் கடனின் வேகம் கூடிவிட்டது. முன்பு இத்தகைய வழக்கில் இரண்டு வருடப் பாக்கிதான் கேட்க முடியும். ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, 2003-ல் பிரிட்டன் அதை ஆறு வருடமாக மாற்றியது. ஸ்காட்லாந்தில் ஐந்து. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு வருடத்துக்கு 3,000 பவுண்டு குறைவாகக் கொடுத்திருந்தால், ஆறு வருடத்துக்கு 18,000. அப்படி 5,000 பெண்கள் இருந்தால் 9 கோடி பவுண்டு, வட்டி தனி. ஆரம்பத்திலேயே சரிசெய்திருந்தால் வருடம் ஒன்றரைக் கோடியில் முடிந்திருக்கும் விஷயம். சரிசெய்யாமல் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் பாக்கி ஏறியது.

தொழிற்சங்கங்களின் கதையையும் மறைக்கக் கூடாது. வேலை பார்க்கும் ஆண்களின் போனஸையும், பெண்களின் பழைய பாக்கியையும் ஒரே மேஜையில் பேரம் பேச வேண்டிய நிலையில், பல இடங்களில் சங்கங்கள் பெண்களிடம் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொள்ளச் சொன்னன. மிடில்ஸ்பரோ கவுன்சில் பெண்கள் இதற்காகத் தங்கள் சொந்தச் சங்கமான ஜி.எம்.பி. மீதே வழக்குப் போட்டார்கள். 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சங்கம் தன் பெண் உறுப்பினர்களுக்கு எதிராக மறைமுகமாகப் பாகுபாடு காட்டியது என்று தீர்ப்புக் கொடுத்தது. வென்றால் மட்டும் கட்டணம் என்று வந்த வக்கீல்கள் பின்னால் ஆயிரக்கணக்கான பெண்கள் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வக்கீல்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டியவர்கள் உண்டு. சரி, அவர்கள் பங்கு வாங்கினார்கள்தான். ஆனால் சங்கமும் கவுன்சிலும் கதவைச் சாத்தியபோது அந்தப் பெண்களுக்குக் கணக்குக் காட்டியவர்கள் அவர்கள். பின்னாளில் அதே ஜி.எம்.பி., பெண்களின் சம ஊதியத்துக்காக முன்னணியில் நின்று போராடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பர்மிங்ஹாமில் 2010-ல் சுமார் நான்காயிரம் பெண்கள் தீர்ப்பாயத்தில் வென்றார்கள். வேலையை விட்டுப் போனவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பக்கத்தில் இருந்தவருக்குப் போனஸ் வந்தது என்று தெரிய வருவதற்குள்ளேயே அந்த ஆறு மாதம் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட 174 பேர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே ஆறு வருடம் அவகாசம் உண்டு. கவுன்சில் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 அக்டோபரில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தோற்றது. பாக்கி இருக்கிறது என்பதைக் கவுன்சில் அந்த வழக்கில் மறுத்து வாதாடவில்லை, நீங்கள் வந்த வாசல் தப்பு என்றுதான் வாதாடியது. பாத்திரம் கழுவியும் தரை துடைத்தும் ஓய்வுபெற்ற பெண்களுக்கு எதிராக, அவர்களும் சேர்ந்து கட்டிய வரிப்பணத்தில் இப்படி ஒரு வழக்கு நடந்தது.

அதற்கப்புறம் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். 2012 முதல் 2023 வரை பர்மிங்ஹாம் கொடுத்த பாக்கி சுமார் 110 கோடி பவுண்டு. இதற்காகச் சொத்துகளை விற்றது. தேசியக் கண்காட்சி மையத்தை நடத்திய என்.இ.சி. குழுமம் 2015-ல் 30.7 கோடிக்குப் போனது. வாங்கிய முதலீட்டு நிறுவனம் மூன்றே வருடத்தில், 2018-ல், அதைச் சுமார் 80 கோடிக்குக் கைமாற்றிவிட்டது என்று செய்திகள் வந்தன. அவசரத்துக்கு விற்பவனுக்கு விலை கிடைக்காது என்பது நம் ஊரில் நகையை அடகு வைத்த எவருக்கும் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் கதை வேறு. பழைய பாக்கியைக் கொடுத்துக்கொண்டே புதிய பாக்கியையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என்னால் ஜீரணிக்க முடியாத விஷயம். 2017 கோடையில் குப்பை வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வண்டியின் பின்னால் நின்று பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பதவியை ரத்து செய்ய கவுன்சில் முயன்றதுதான் சண்டை. தெருக்கள் நாறின. கவுன்சில் தலைவர் ஜான் கிளான்சி அந்தச் சண்டையின் நடுவே செப்டம்பரில் பதவி விலகினார். கடைசியில் வேறு பெயரில் அதே நிலையில் ஒரு பதவியை வைத்துச் சமரசம் செய்தார்கள். இன்னொரு வழக்கமும் தொடர்ந்தது: சுற்று முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், சம்பளம் முழு நேரத்துக்கு. பராமரிப்புப் பெண்ணுக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. ஒரு வீடு சீக்கிரம் முடிந்தால் இன்னொரு வீடு. போனஸ் என்ற பெயர் போய்விட்டது, ஆனால் அதே பாகுபாடு வேறு உடையில் திரும்பி வந்தது.

மறைத்த கணக்கு

2023 ஜூன் கடைசியில் கவுன்சில் ஒரு எண்ணைச் சொன்னது. சம ஊதியப் பாக்கி இன்னும் 65 கோடியிலிருந்து 76 கோடி பவுண்டு வரை இருக்கலாம், மாதம் 50 லட்சத்திலிருந்து 1.4 கோடி வரை ஏறிக்கொண்டே போகிறது என்று. இரண்டே மாதத்தில் செக்‌ஷன் 114 அறிவிப்பு வந்தது.

அது என்ன? பிரிட்டனில் கவுன்சில் சட்டப்படி திவாலாக முடியாது. கவுன்சிலின் நிதி அதிகாரிக்கு, வருமானத்துக்கு மேல் செலவு போகிறது என்று தெரிந்தால், 1988-ஆம் வருட உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின்கீழ் எழுத்தில் அறிவிக்கும் கடமை உண்டு. அந்த நிமிடத்திலிருந்து புதிய செலவு நிற்கும். சட்டப்படி கட்டாயமான சேவைகள் மட்டும் ஓடும். 21 நாளுக்குள் உறுப்பினர்கள் கூடிப் பேச வேண்டும். பர்மிங்ஹாமில் அடுத்த மாதமே மத்திய அரசு, மேக்ஸ் காலர் தலைமையில் ஆணையர்களை அனுப்பியது. மக்கள் தேர்ந்தெடுத்த 101 உறுப்பினர்களுக்கு மேலே, தேர்ந்தெடுக்கப்படாதவர்கள்.

சம ஊதியம் மட்டும் காரணமில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த வருடப் பட்ஜெட்டில் மட்டும் 8.7 கோடி பவுண்டு பள்ளம். 2022-ல் நிதி, ஊழியர் கணக்குகளுக்காகக் கொண்டுவந்த ஆரக்கிள் கணினி முறைக்கு முதலில் போட்ட மதிப்பீடு சுமார் 1.9 கோடி. 2023-ல் அது 10 கோடியைத் தொடும் என்று பேச்சு. வந்ததும் ஒழுங்காக ஓடவில்லை. தன் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதையே சரியாகப் பார்க்க முடியாத கவுன்சிலாக அது இருந்தது. 2010-க்குப் பிறகு மத்திய அரசு மானியங்களை வெட்டியதில் நூறு கோடி பவுண்டு வரை இழந்தோம் என்று கவுன்சில் சொல்கிறது. எல்லாம் உண்மையாக இருந்தும், தலைப்புச் செய்தியில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் பெண்கள் மட்டும்தான்.

கட்சி அரசியலாக இதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2004 முதல் 2012 வரை பர்மிங்ஹாமை ஆண்டது கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி. அதற்கு முன்னும் பின்னும் தொழிற்கட்சி. 2010-ல் தீர்ப்பாயத்தில் தோற்றது ஒரு கூட்டணி, 2017-ல் புதிய பாக்கிக்கு வழி வைத்தது இன்னொரு கட்சி. சம ஊதியத்தைப் பற்றி மேடையில் பேசாத கட்சி அங்கே இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடிந்தது எப்படி? கணக்கியலில் ஒரு விதி உண்டு. கொடுத்தே ஆக வேண்டும், தொகையும் ஓரளவு தெரியும் என்றால், அதற்காகப் பணத்தை ஒதுக்கிக் கணக்கில் காட்ட வேண்டும். வரலாம், வராமலும் போகலாம் என்றால் ஓர் அடிக்குறிப்பு போதும். எனவே ஒரு நிர்வாகத்துக்கு, வழக்கு நடக்கிறது, முடிவு தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பதில் லாபம் இருக்கிறது. வழக்கை நீட்டும்வரை கடன் அடிக்குறிப்பில் தூங்கும். தீர்ப்பு வந்த அன்று பட்ஜெட்டின் நடுவில் வந்து நிற்கும்.

இதைக் கேள்வி கேட்க வேண்டியது தணிக்கை. இங்கிலாந்தில் உள்ளாட்சித் தணிக்கைக்கென்று ஒரு தணிக்கை ஆணையம் இருந்தது. 2010-ல் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் அதை மூடப்போவதாக அறிவித்தார், 2015 மார்ச்சில் அது மூடப்பட்டது. மிச்சப்படுத்துகிறோம் என்று சொல்லித் தனியார் தணிக்கை நிறுவனங்களிடம் வேலையைக் கொடுத்தார்கள். விளைவு என்ன? 2022-23 நிதியாண்டுக்கான தணிக்கை முடித்த கணக்கைக் கெடுவுக்குள் வெளியிட்ட உள்ளாட்சி அமைப்புகள் ஒரு சதவீதம்தான். 2023 செப்டம்பரில் தேங்கிக் கிடந்த தணிக்கைகள் 918. காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, திருட்டு போனபிறகு பூட்டைக் குற்றம் சொல்வதுபோல் இருக்கிறது. 2024 டிசம்பரில்தான், உள்ளாட்சித் தணிக்கைக்கு மறுபடியும் ஒரு தனி அலுவலகம் வைக்கப்போவதாக அரசு சொன்னது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 76 கோடி என்ற எண்ணே தணிக்கை செய்யப்படாத எண். அது மிகையாகப் போடப்பட்டது என்று ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத் தணிக்கை ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். ஆனால் அந்த எண்ணைக் காட்டித்தான் ஆணையர்கள் வந்தார்கள், வெட்டுகள் வந்தன. 2024 டிசம்பரில் ஜி.எம்.பி., யூனிசன் சங்கங்களோடு கவுன்சில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தபோது, அதன் விவரங்கள் ரகசியம் என்று சொல்லிவிட்டார்கள். பேரத்தின்போது எண்ணை வெளியே விட முடியாது என்பது புரிகிறது. ஆனால் ஒரு நகரத்தையே உலுக்கிய எண்ணை உரக்கச் சொன்ன நிர்வாகம், அதைத் தீர்க்கும் தொகையைக் காதோடு காதாகப் பேசியது சரியில்லை. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி, ஏன் என்று கேட்கும் உரிமை வரி கட்டுபவர்களுக்கு உண்டு.

பணம் கட்டியவர்கள் யார்? 2024-25-ல் பர்மிங்ஹாமில் கவுன்சில் வரி சுமார் 10 சதவீதம் ஏறியது. அடுத்த வருடம் சுமார் 7.5 சதவீதம். மத்திய அரசு இனாமாக எதுவும் தரவில்லை. சொத்தை விற்கவும் கடன் வாங்கவும் 125.5 கோடி பவுண்டு வரை அனுமதிதான் தந்தது. இரண்டு வருடத்தில் 30 கோடி வெட்டு. கலை அமைப்புகளுக்கான உதவி அறவே போனது. நூலகம், இளைஞர் சேவை, முதியோர் பராமரிப்பு என்று வரிசையாகக் கத்தி விழுந்தது. 600 வேலைகள் வரை போகலாம் என்றார்கள். முதியோர் பராமரிப்பு வெட்டப்பட்டால் அந்த வேலையைப் பார்ப்பவர் யார், அது நின்றபிறகு வீட்டில் மாமியாரைத் தூக்கி உட்கார வைப்பவர் யார்? இரண்டு இடத்திலும் பெரும்பாலும் பெண்தான். தன் பாக்கியைத் தானே தவணையில் கட்டுவதுபோல் ஆகிவிட்டது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் கவுன்சில் இதே பாதையில் கொஞ்சம் வேறு மாதிரிப் போனது. அங்கே 2006-ல் புதிய மதிப்பீட்டு முறை கொண்டுவந்தார்கள். வாரம் 37 மணி நேரம் வேலை செய்பவருக்குக் கூடுதல் புள்ளி என்று அதில் ஒரு விதி. நடுநிலையாகத் தெரியும். ஆனால் பராமரிப்பு, துப்புரவு வேலைகளைக் கவுன்சிலே பகுதிநேரமாகத்தான் வைத்திருந்தது, அவற்றில் இருந்தவர்கள் பெண்கள். விதியை எழுதியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. 2017-ல் ஸ்காட்லாந்தின் உயர் நீதிமன்றம் அந்த முறை செல்லாது என்றது. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போக, 2018 அக்டோபர் 23, 24 தேதிகளில் சுமார் 8,000 பெண்கள் தெருவில் இறங்கினார்கள். குப்பை வண்டி ஆண்கள் அவர்கள் மறியலைத் தாண்டிப் போக மறுத்து, வண்டியை நிறுத்திவிட்டுக் கூட நின்றார்கள். எந்த ஆண்களின் போனஸை வைத்துப் பெண்கள் ஒப்பிட்டார்களோ, அந்த ஆண்கள். சண்டை யாருக்கும் யாருக்கும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

2019 ஜனவரியில் 54.8 கோடிக்கு உடன்பாடு. 2022-ல் இன்னொன்று, சேர்த்து சுமார் 77 கோடி. பணத்துக்காக ரிவர்சைட் அருங்காட்சியகம் உட்படப் பல கட்டடங்களைக் கவுன்சில் தன்னுடைய சொந்தத் துணை நிறுவனத்துக்கு விற்று, அவற்றையே வாடகைக்கு எடுத்துக்கொண்டது. துணை நிறுவனம் கடன் வாங்கித் தந்த பணம் பெண்களுக்குப் போனது. வாடகை வருடாவருடம் போகும். ஊர்ச் சொத்து ஊரை விட்டுப் போகவில்லை என்பது பர்மிங்ஹாமைவிட மேல். காத்திருந்த காலத்திலேயே இறந்துபோன பெண்களும் உண்டு என்று சங்கங்கள் சொல்கின்றன. அவர்கள் பாக்கி பிள்ளைகள் கைக்குப் போனது.

இப்போது பர்மிங்ஹாமுக்குத் திரும்புவோம். 2025 மார்ச் 11 முதல் குப்பை வண்டிக்காரர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2017-ல் சமரசமாகக் காப்பாற்றிய அந்தப் பதவியைக் கவுன்சில் எடுக்க முடிவு செய்தது, வைத்திருந்தால் மறுபடியும் சம ஊதியப் பாக்கி ஏறும் என்றது. சுமார் 170 பேர் வருடத்துக்கு 8,000 பவுண்டு வரை இழப்பார்கள் என்று யுனைட் சங்கம் சொன்னது, கவுன்சில் அந்த எண்ணை ஏற்கவில்லை. மார்ச் கடைசியில் 17,000 டன் குப்பை தெருவில் கிடந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சம ஊதியத்தை இரண்டு விதமாக எட்டலாம். கீழே இருப்பவரை ஏற்றலாம், மேலே இருப்பவரை இறக்கலாம். சட்டம் இரண்டையும் ஒத்துக்கொள்கிறது. அந்த 51,000 பவுண்டு காலம் போய்விட்டது. இன்று வண்டிக்குப் பின்னால் ஓடுபவர் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் திண்டாடும் சாதாரணத் தொழிலாளி. அவர் பையிலிருந்து எடுத்துச் சமன் செய்வதை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்கள் கேட்டதும் அதை அல்ல.

லண்டனில் வாழும் நம்மவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. தமிழர்கள் நிறைய வாழும் குரோய்டன் 2020 நவம்பரில் செக்‌ஷன் 114 அறிவித்தது. அங்கே காரணம் சம ஊதியம் இல்லை, கவுன்சில் சொந்தமாக நடத்திய வீடு கட்டும் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன்களும் மோசமான நிர்வாகமும். 2023-ல் அங்கே கவுன்சில் வரி 15 சதவீதம் ஏறியது. கடன் எதில் விழுந்தாலும், கணக்கை யாரும் பார்க்காத இடத்தில்தான் விழுகிறது.

பார்க்க வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 2014-ஆம் வருடத்து உள்ளாட்சித் தணிக்கைச் சட்டப்படி, ஒவ்வொரு கவுன்சிலும் தன் வருடக் கணக்கை 30 வேலை நாட்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும். அந்த நாட்களில் பில்களையும் ஒப்பந்தங்களையும்கூடக் கேட்டுப் பார்க்கலாம். வாக்காளராக இருந்தால் தணிக்கையாளரிடம் கேள்வி கேட்கலாம், எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம். தேதியைக் கவுன்சிலின் இணையதளத்தில் போடுவார்கள், தேடினால்தான் கண்ணில் படும் இடத்தில். நூற்றைம்பது, இருநூறு பக்கம் இருக்கும் அந்தக் கணக்கில் முதலில் திருப்ப வேண்டியது பின்பக்கத்துக் குறிப்புகளை. பணம் ஒதுக்கிய பொறுப்புகள் என்று ஒரு குறிப்பு இருக்கும், ஒதுக்காமல் வெறுமனே சொல்லி வைத்த பொறுப்புகள் என்று இன்னொன்று. சம ஊதியம் இந்த வருடம் எந்தக் குறிப்பில் இருக்கிறது, போன வருடம் எதில் இருந்தது, தொகை எழுதியிருக்கிறார்களா, வெறும் வாக்கியமா என்று பாருங்கள்.